உங்கள் பங்கு நிஃப்டியை முந்தியதா? சரியாகக் கணக்குப் போட ஒரு வழிகாட்டி

புரோக்கர் ஆப்பைத் திறந்தால் பங்கின் பெயருக்கு எதிரே பச்சையில் ஒரு சதவீதம் தெரியும். நாற்பது, அறுபது, சிலருக்கு நூறு. வாங்கிய சராசரி விலைக்கும் இன்றைய விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது மட்டும்தான் அந்த எண். எத்தனை வருடத்தில் அது வந்தது, இடையில் எவ்வளவு டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து தரும் தொகை) கிடைத்தது, அதே பணத்தை எதுவும் யோசிக்காமல் ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டியை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்பதெல்லாம் அதில் கிடையாது. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தனிப் பங்கு வாங்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கை முதல்முறை போடும்போது பாடாய்ப் படுத்துவது சூத்திரம் அல்ல, காகிதங்கள்தான். புரோக்கர் மாறியதில் வாங்கிய விலை காணாமல் போயிருக்கும், போனஸ் கணக்கு குழம்பியிருக்கும், இணையத்தில் ஒரு தளம் சொல்லும் வருமானம் இன்னொரு தளத்தோடு ஒட்டாது. நான் முட்டி மோதி ஒழுங்குபடுத்திய வரிசையைக் கீழே தருகிறேன். இந்தியப் பங்குச் சந்தைக்கு மட்டும் பொருந்தும். கூகுள் ஷீட்டோ எக்செலோ கொஞ்சம் தெரிந்தால் போதும்.

1. முதலில் எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

முடிவைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பங்கு நிஃப்டியிடம் தோற்றிருந்தால் துறைக் குறியீட்டோடு ஒப்பிட மனசு போகும், அதிலும் தோற்றால் மோசமான ஒரு போட்டிக் கம்பெனியைத் தேடும். ஓடி முடித்த பிறகு கோடு கிழித்தால் எல்லோரும் முதலிடம்தான்.

இரண்டு அளவுகோல் வேண்டும். ஒன்று, நீங்கள் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய மாற்று. பெரும்பாலானவர்களுக்கு அது நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 500 இண்டெக்ஸ் ஃபண்ட். இன்னொன்று, அந்தப் பங்கின் அளவுக்கும் துறைக்கும் பொருந்தும் குறியீடு. அளவைத் தெரிந்துகொள்ள மியூச்சுவல் ஃபண்டுகளின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251 முதல் ஸ்மால் கேப். மிட் கேப் பங்குக்கு நிஃப்டி மிட்கேப் 150, ஸ்மால் கேப் பங்குக்கு நிஃப்டி ஸ்மால்கேப் 250 என்று வைத்துக்கொள்ளலாம்.

துறைக் குறியீட்டில் ஒரு பொறி உண்டு. சிட்டி யூனியன் வங்கியை நிஃப்டி பேங்க் குறியீட்டோடு ஒப்பிடுவது சரிதான் என்று தோன்றும். ஆனால் அந்தக் குறியீட்டில் ஒரு டஜன் சொச்சம் வங்கிகள் இருந்தாலும், எடையில் பெரும்பங்கு எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ போன்ற சில பெரிய வங்கிகளிடம் இருக்கிறது. கும்பகோணத்து வங்கியை மும்பை ஜாம்பவான்களோடு நிறுத்திப் பார்த்துவிட்டு, அதைத் துறையோடு செய்த ஒப்பீடு என்று சொல்லிக்கொள்வோம். நிஃப்டி இண்டைசஸ் தளத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மாதாந்திர விவரத்தாள் இலவசமாகக் கிடைக்கும். அதில் முதல் பத்துப் பங்குகளின் எடையைப் பார்த்துவிட்டுத்தான் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. காகிதங்களைச் சேருங்கள்

அதிக நேரம் தின்பது இந்தப் படிதான். ஒரே புரோக்கரிடம் இருந்தவருக்கு ஒரு மாலைப் பொழுது போதும். புரோக்கர் மாறியவர்களுக்கும் பழைய கணக்கை மூடியவர்களுக்கும் சில வாரங்கள்கூட ஆகும்.

டிரேட்புக்: வாங்கிய, விற்ற ஒவ்வொரு தேதியும் எண்ணிக்கையும் விலையும் இதில் இருக்கும். புரோக்கரின் இணையதளத்தில் ரிப்போர்ட்ஸ் பகுதியில் கிடைக்கும். பல தளங்கள் ஒரு நேரத்தில் ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் தரும், ஆண்டு ஆண்டாக இறக்கிக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட் நோட்: டிரேட்புக் இல்லாத பழைய காலத்துக்கு இதுதான் கதி. ஒவ்வொரு வர்த்தக நாளும் மின்னஞ்சலில் வந்திருக்கும். மெயிலில் "கான்ட்ராக்ட் நோட்" என்று ஆங்கிலத்தில் தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கோப்பைத் திறக்கப் பெரும்பாலும் பான் எண்தான் கடவுச்சொல்.

ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை: பங்குகளை மின்னணு முறையில் டீமேட் கணக்குகளில் வைத்துக் காக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்புவது. பரிவர்த்தனை நடந்த மாதங்களில் மாதாமாதம் வரும். உங்கள் எல்லா டீமேட் கணக்கும் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் வாங்கிய விலை இதில் இருக்காது. எத்தனை பங்கு இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் இது.

டிவிடெண்ட் விவரம்: வங்கி அறிக்கையில் தேடுவதைவிட வருமான வரித் தளத்தில் உள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் சுலபம். கம்பெனி வாரியாக டிவிடெண்ட் அதில் வரும். வங்கிக்கு வந்த தொகையை அப்படியே எழுதாதீர்கள். ஒரு கம்பெனி வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் கொடுத்தால் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000). கணக்கில் வர வேண்டியது பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகை.

புரோக்கர் மாறும்போது பங்கு மட்டும்தான் இடம் மாறும், வாங்கிய விலை கூடவே வராது. புதிய ஆப்பில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது மாற்றிய நாளின் விலையை நிரப்பி வைத்திருக்கும். அந்தச் சராசரியை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். பழைய கணக்கை மூடுவதற்கு முன்பே டிரேட்புக்கை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மூடிய பிறகு கேட்டால் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட வேண்டியிருக்கும்.

3. போனஸ், ஸ்ப்ளிட், உரிமைப் பங்கு, பிரிப்பு: எல்லாவற்றையும் ஒரு கோட்டில் எழுதுங்கள்

பாதிக் கணக்குகள் தப்பாகும் இடம் இது. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸை எடுத்துக்கொண்டால் ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாக உடைப்பது) தவிர மற்ற எல்லாமே ஒரே பங்கில் வந்துவிடும்.

2017 தொடக்கத்தில் ஒருவரிடம் 100 ரிலையன்ஸ் பங்கு இருந்தது என்று வையுங்கள். 2017 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒவ்வொரு பங்குக்கும் ஒரு இலவசப் பங்கு), 200 ஆனது. 2020இல் 15 பங்குக்கு ஒரு உரிமைப் பங்கு (பழைய பங்குதாரர்கள் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் புதுப் பங்கு), விலை 1,257 ரூபாய். 200 பங்குக்கு 13 கிடைக்கும். அந்தப் பணமும் ஒரே தவணையில் போகவில்லை: விண்ணப்பிக்கும்போது நான்கில் ஒரு பகுதி, மீதி 2021இல் இரண்டு தவணைகளாக. உரிமையை எடுத்தவருக்கு 213 பங்கு. 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் தனியே பிரிந்தது, ஒவ்வொரு ரிலையன்ஸ் பங்குக்கும் ஒரு ஜியோ பங்கு. 2024 அக்டோபரில் மறுபடி ஒன்றுக்கு ஒன்று போனஸ், ரிலையன்ஸ் 426 ஆனது. ஜியோ 213ஆகவே நிற்கிறது.

இன்றைய மதிப்பைப் போடும்போது 426 ரிலையன்ஸையும் 213 ஜியோவையும் கூட்ட வேண்டும். ஜியோவை விட்டுவிட்டால் ரிலையன்ஸ் உண்மையைவிடக் குறைவாக ஓடியதாகத் தெரியும். உரிமைப் பங்குக்குக் கட்டிய மூன்று தவணையையும் அந்தந்தத் தேதியில் செலவாக எழுதாவிட்டால் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். உரிமையை எடுக்காமல் அந்த உரிமையையே சந்தையில் விற்றவர்கள், விற்ற பணத்தை வரவாக எழுத வேண்டும்.

வரிக்கு ஜியோவின் அடக்க விலையை எப்படிப் பிரிப்பது என்பது வேறு விஷயம். அதற்குக் கம்பெனியே ஒரு விகிதம் அறிவிக்கும். ரிலையன்ஸுக்கு 95.32 சதவீதம், ஜியோவுக்கு 4.68 சதவீதம். ஐடிசி ஹோட்டல்ஸ் பிரிந்தபோதும் இப்படித்தான்: பத்து ஐடிசி பங்குக்கு ஒரு ஹோட்டல் பங்கு, விகிதம் 86.49க்கு 13.51. இந்த விகிதம் வரித் தாக்கலுக்கு மட்டும். சந்தையோடு ஒப்பிடும் கணக்கில் இது வராது, அங்கே இரண்டின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் முடிந்தது.

இந்த நிகழ்வுகளின் தேதிகளை என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் "கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ்" பகுதியில் கம்பெனி பெயரைக் கொடுத்து எடுக்கலாம். எக்ஸ் தேதிதான் முக்கியம், அன்றிலிருந்து வாங்குகிறவருக்கு அந்தப் போனஸோ டிவிடெண்டோ கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று போனஸின் எக்ஸ் தேதியன்று விலை பாதியாகி, புதுப் பங்கு டீமேட்டுக்கு வர இரண்டொரு நாள் ஆகும். அந்த நாட்களில் ஆப் ஐம்பது சதவீத நஷ்டம் காட்டும், பயப்பட வேண்டாம், அன்றைய எண்ணை வைத்துக் கணக்கும் போட வேண்டாம்.

சார்ட் தளங்கள் போனஸையும் ஸ்ப்ளிட்டையும் பழைய விலைகளில் சரிசெய்து காட்டும். டிவிடெண்டை எல்லாத் தளங்களும் சரிசெய்வதில்லை, பிரிப்பை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாகக் கையாளும். ஒரே பங்குக்கு இரண்டு தளங்கள் வேறு வேறு ஐந்தாண்டு வருமானம் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

4. நிஃப்டிக்கும் டிவிடெண்ட் உண்டு, மறக்காதீர்கள்

செய்தியில் தினமும் சொல்லும் நிஃப்டி எண் விலையை மட்டும் கணக்கிடுவது. அதில் உள்ள ஐம்பது கம்பெனிகள் கொடுக்கும் டிவிடெண்ட் அதில் சேராது. டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாக வைத்துக் கணக்கிடும் இன்னொரு எண் உண்டு, அதற்கு டிஆர்ஐ என்று பெயர். 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் தங்களை டிஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியது. ஃபண்டுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது.

நிஃப்டி 50இன் டிவிடெண்ட் ஆண்டுக்குச் சுமார் ஒன்றேகால் சதவீதம். சின்னதாகத் தெரியும், பத்து வருடம் கூட்டு வட்டியில் போனால் முடிவையே புரட்டிவிடும். டிஆர்ஐ எண்களை நிஃப்டி இண்டைசஸ் தளத்தில் வரலாற்றுத் தரவுப் பகுதியில் இலவசமாக இறக்கலாம். நீண்ட காலத்துக்கு ஒரே முறையில் வராவிட்டால் வருடம் வருடமாக எடுங்கள்.

அது தலைவலியாக இருந்தால் ஒரு குறுக்கு வழி: ஏதாவது ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் குரோத் திட்டத்தின் என்ஏவியை (ஒரு யூனிட்டின் மதிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடெண்ட் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும், ஃபண்டின் செலவும் கழிந்திருக்கும். நீங்கள் உண்மையில் பெற்றிருக்கக்கூடிய எண் அதுதான் என்பதால் எனக்கு இது டிஆர்ஐயைவிடப் பிடிக்கும். பழைய என்ஏவிகள் ஆம்ஃபி தளத்திலும் அந்தந்த ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும் கிடைக்கும். ரெகுலர் திட்டத்தை எடுத்துவிடாதீர்கள். அதில் விநியோகஸ்தர் கமிஷன் கழிந்திருக்கும், உங்கள் பங்கு வென்றதாகத் தவறாகக் காட்டும்.

5. நிழல் கணக்கு: உங்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிஃப்டியில் ஒரு ரூபாய்

இதுதான் மையக் கணக்கு. நீங்கள் பங்கு வாங்கிய ஒவ்வொரு தேதியிலும் அதே தொகைக்கு நிஃப்டி வாங்கியதாகக் கற்பனையாக எழுதுங்கள். விற்ற தேதியிலும் டிவிடெண்ட் வந்த தேதியிலும் அதே தொகையை நிழல் கணக்கிலிருந்தும் எடுங்கள். கடைசியில் இரண்டில் எது பெரிது என்று பாருங்கள்.

எண்களோடு பார்ப்போம். புரிவதற்காக முதலில் சாதாரண நிஃப்டியையே எடுக்கிறேன். பங்கு கற்பனை, நிஃப்டி எண்கள் உண்மை.

2022 மார்ச் 31 அன்று 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினீர்கள். நிஃப்டி அன்று 17,464.75. நிழல் கணக்கில் 50,000ஐ 17,464.75ஆல் வகுத்தால் 2.8629 யூனிட்.

2024 மார்ச் 28 அன்று இன்னொரு 50,000. நிஃப்டி 22,326.90. கிடைப்பது 2.2395 யூனிட்.

2025 மார்ச் 28 அன்று நிஃப்டி 23,519.35. மொத்த யூனிட் 5.1024. மதிப்பு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்.

உங்கள் பங்கின் மதிப்பு அன்று 1,18,000, இடையில் வந்த டிவிடெண்ட் 4,000 (எளிமைக்காக இங்கே அதை நிழலிலிருந்து எடுக்காமல் பங்கின் பக்கம் கூட்டுகிறேன்). ஆக 1,22,000. இரண்டாயிரம் ரூபாய் முந்திவிட்டதாகத் தெரிகிறதா? இப்போது நிஃப்டிக்கும் டிவிடெண்டைச் சேருங்கள். ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதம் என்று தோராயமாகப் போட்டாலே மூவாயிரம் கூடி நிழல் கணக்கு 1,23,000 ஆகிவிடும். வெற்றி என்று நினைத்தது சின்னத் தோல்வி. இதனால்தான் நிஜக் கணக்கில் டிஆர்ஐ அல்லது என்ஏவியைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது.

ஆண்டு வருமானமாகப் பார்க்க ஷீட்டில் உள்ள எக்ஸ்ஐஆர்ஆர் சூத்திரம் உதவும். ஒரு பத்தியில் தேதி, பக்கத்தில் தொகை. கையிலிருந்து போனது மைனஸ், வந்தது பிளஸ், கடைசி வரியில் இன்றைய மதிப்பு பிளஸ். பங்குக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எக்ஸ்ஐஆர்ஆரில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும். சூத்திரம் புகார் சொல்லாது, தப்பான விடையைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஷீட்டின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றிய பிறகு தேதிகளை ஒட்டுங்கள். அடுத்தது, ஒரு வருடத்துக்குக் குறைவான முதலீட்டுக்கு இதைப் போடாதீர்கள். ஒரே மாதத்தில் 10 சதவீதம் ஏறிய பங்குக்கு எக்ஸ்ஐஆர்ஆர் 200 சதவீதத்துக்கு மேல் காட்டும். ஒவ்வொரு மாதமும் அப்படியே ஏறும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

6. தொடக்கத் தேதி சொல்லும் பொய்

2020 மார்ச் 31 அன்று நிஃப்டி 8,597.75. 2025 மார்ச் 28 அன்று 23,519.35. ஐந்து வருடத்தில் ஆண்டுக்கு 22.3 சதவீதம். தொடக்கத்தை ஒரே ஒரு வருடம் முன்னால் தள்ளி 2019 மார்ச் 29இல் வையுங்கள், அன்று 11,623.90. அதே முடிவுத் தேதிக்கு ஆண்டு வருமானம் 12.5 சதவீதம்தான். குறியீடு அதேதான், கோவிட் பள்ளம் உள்ளே வந்ததா வெளியே நின்றதா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

2021 மார்ச்சில் முடிந்த ஒரு வருடத்தில் நிஃப்டி சுமார் 71 சதவீதம் ஏறியது. அந்த வருடம் 50 சதவீதம் ஏறிய பங்கை வைத்திருந்தவர்கள் தங்களைப் பெரிய கில்லாடிகள் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தையிடம் இருபது சதவீதப் புள்ளி தோற்றிருந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கதை மாறியது: 2023 மார்ச்சில் முடிந்த வருடத்தில் நிஃப்டி அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கியது. அப்போது 5 சதவீதம் ஏறிய பங்கு நல்ல பங்கு.

"ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு" என்று யாராவது சொன்னால் தொடக்கத் தேதியைக் கேளுங்கள். உங்கள் கணக்கிலும் ஒரே ஒரு காலகட்டத்தோடு நிற்காமல், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாகப் பங்கு எவ்வளவு, டிஆர்ஐ எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போட்டுவிடுங்கள். எத்தனை வருடம் முந்தியது, எத்தனை வருடம் பிந்தியது, முந்தியது எல்லாம் ஒரே வருடத்திலா என்பது அதில் தெரிந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிரேடிங்வியூ சார்ட் தளத்தில் பங்கின் சுருக்கப் பெயர் (டிக்கர்), ஒரு சாய்கோடு, நிஃப்டியின் சுருக்கப் பெயர் என்று தட்டுங்கள். பங்கை நிஃப்டியால் வகுத்த கோடு வரும். கோடு ஏறினால் பங்கு சந்தையை முந்துகிறது, படுத்தால் கூடவே ஓடுகிறது, இறங்கினால் பின்தங்குகிறது. டிவிடெண்ட் இதில் சேராது என்பதால் தோராயப் பார்வைக்கு மட்டும். அதே தளத்தில் ஆர்எஸ்ஐ என்று ஒன்று இருக்கும். பெயரில் "ஒப்பீட்டு வலிமை" என்று இருந்தாலும் அது பங்கை அதன் சொந்தப் பழைய விலையோடுதான் ஒப்பிடுகிறது. சந்தையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

7. சக கம்பெனிகளோடு ஒப்பிடுவது

சந்தையோடு ஒப்பிட்டால் உங்கள் பணம் என்ன ஆனது என்று தெரியும். ஏன் அப்படி ஆனது என்று தெரிய சக கம்பெனிகள் வேண்டும். துறையே படுத்திருந்தால் ஒரு முடிவு, துறை ஓடி உங்கள் கம்பெனி மட்டும் படுத்திருந்தால் வேறு முடிவு.

ஸ்கிரீனர் தளத்தில் எந்தக் கம்பெனிப் பக்கத்துக்குப் போனாலும் கீழே சக கம்பெனிகளின் அட்டவணை இருக்கும், பத்திகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். இலவசக் கணக்கே இந்த வேலைக்குப் போதும். ஆனால் தளம் தரும் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். தொழிலும் அளவும் வாடிக்கையாளரும் ஒத்துப்போகும் நான்கைந்து பெயர்களை நீங்களே பொறுக்குங்கள். சிட்டி யூனியன் வங்கியை வைத்திருப்பவர் கரூர் வைஸ்யா, தமிழ்நாடு மெர்க்கன்டைல், சவுத் இந்தியன், ஃபெடரல், கர்நாடகா வங்கிகளை எடுக்கலாம். இதில் ஃபெடரல் அளவில் பெரியது, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் 2022 செப்டம்பரில்தான் சந்தைக்கு வந்தது, ஐந்தாண்டு ஒப்பீட்டில் அதைச் சேர்க்க முடியாது.

பட்டியலில் இல்லாத ஒரு பெயரும் முக்கியம். கரூரில் இன்னொரு வங்கி இருந்தது, லட்சுமி விலாஸ். 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது அதன் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. இன்று எந்தத் தளத்திலும் சக வங்கிகள் பட்டியலில் அது வராது. பிழைத்தவர்களை மட்டும் வைத்துத் துறைச் சராசரி போட்டால், "தென்னிந்தியச் சின்ன வங்கிகள் எல்லாம் நல்லாத்தான் ஓடியிருக்கு" என்று படும். பத்து வருடக் கணக்கு போடுகிறவர்கள் தொடக்க வருடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துப் பட்டியலைப் போடுங்கள். குறியீட்டில் இந்தத் தொல்லை குறைவு. யெஸ் வங்கி 2020 மார்ச்சில் நிஃப்டியிலிருந்து வெளியேறியது, ஆனால் உள்ளே இருந்த நாள்வரை அது விழுந்த வீழ்ச்சி நிஃப்டியின் எண்ணில் பதிந்திருக்கிறது.

எந்த விகிதத்தைப் பார்ப்பது என்பது துறையைப் பொறுத்தது. வங்கிக்குப் புத்தக மதிப்போடு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) விலையின் விகிதம், சொத்தின் மீதான வருமானம், நிகர வட்டி விகிதம், மொத்த வாராக்கடன், நிகர வாராக்கடன் (அதற்காக ஒதுக்கி வைத்தது போக மிச்சம்), நடப்பு மற்றும் சேமிப்புக் கணக்கு டெபாசிட்டின் பங்கு. சொத்தின் மீதான வருமானம் ஒரு சதவீதத்துக்கு மேல் நின்றால் நல்ல வங்கி என்பது பொது வழக்கு. நம் ஊர் வங்கிகளுக்கு நான் இன்னொரு பத்தியும் சேர்ப்பேன்: மொத்தக் கடனில் நகைக்கடன் எத்தனை சதவீதம். தங்க விலை ஏறும் காலத்தில் நகைக்கடன் அதிகமுள்ள வங்கியின் வளர்ச்சி தானாகவே அழகாகத் தெரியும், அதில் நிர்வாகத் திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த எண் ஸ்கிரீனர் அட்டவணையில் வராது. வங்கி ஒவ்வொரு காலாண்டும் முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் விளக்கக் கோப்பில் பாருங்கள்.

கால வித்தியாசம்தான் இங்கே பெரிய பொறி. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும், மார்ச் காலாண்டுக்கு மட்டும் 60 நாள். ஜூலை கடைசியில் அட்டவணையைத் திறந்தால் ஒரு வங்கிக்கு ஜூன் காலாண்டு எண்ணும் இன்னொன்றுக்கு மார்ச் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகிய தேதிகள் தாண்டிய பிறகு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் இருக்காது. ஏபிபி இந்தியா போலச் சில பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்காண்டு டிசம்பரில் முடியும். அவற்றை மார்ச் கம்பெனிகளோடு வைக்கும்போது ஆண்டு எண்ணை விட்டுவிட்டுக் கடைசி நான்கு காலாண்டுகளின் கூட்டை எடுங்கள். தனிக் கணக்கையும் துணை நிறுவனங்களோடு சேர்ந்த கணக்கையும் கலக்கவும் கூடாது.

8. எவ்வளவு ஆட்டத்தோடு வந்த வருமானம்?

ஆண்டுக்கு இரண்டு சதவீதம் முந்திய பங்கு, நடுவில் எழுபது சதவீதம் விழுந்து எழுந்திருந்தால் அந்த இரண்டு சதவீதம் போதுமா என்பது உங்கள் மனத்திடத்தைப் பொறுத்தது. உச்சத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் பாருங்கள். நிஃப்டி 2020 ஜனவரி 14இல் 12,362.30இல் முடிந்து, மார்ச் 23இல் 7,610.25க்கு வந்தது, 38 சதவீத வீழ்ச்சி. அதே நாட்களில் உங்கள் பங்கு எவ்வளவு விழுந்தது என்பதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பீட்டா, ஷார்ப் விகிதம் எல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம், முதல் கணக்குக்குத் தேவையில்லை.

9. செலவும் வரியும்

இந்த ஒப்பீட்டுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். மேலே சொன்ன தரவுகள் எல்லாம் இலவசம். "உங்கள் போர்ட்ஃபோலியோவை ஆய்வு செய்து தருகிறோம்" என்று சந்தா கேட்கும் ஆப்கள் நிறைய உண்டு. பணம் கட்டுவதற்கு முன் டிஆர்ஐயோடு ஒப்பிடுகிறார்களா, பிரிந்த கம்பெனிகளைச் சேர்க்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்குக்குள் வர வேண்டிய செலவுகள் வேறு. டெலிவரியில் (அன்றே விற்றுவிடாமல் பங்கை டீமேட்டில் எடுத்து வைப்பது) வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், விற்கும் ஒவ்வொரு முறையும் டீமேட் கட்டணம், தரகுக் கமிஷன், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வாங்கி வைத்திருப்பவருக்கு இது சில்லறை. மாதம் இருமுறை வாங்கி விற்பவருக்கு இதுவே தோல்விக்குக் காரணமாகலாம். கான்ட்ராக்ட் நோட்டின் அடியில் உள்ள நிகரத் தொகையை எழுதினால் டீமேட் கட்டணம் தவிர எல்லாம் உள்ளே வந்துவிடும்.

டிவிடெண்டுக்கு உங்கள் வருமான வரம்புக்கு ஏற்ற வரி உண்டு, இண்டெக்ஸ் ஃபண்டின் குரோத் திட்டத்தில் விற்கும்வரை வரி இல்லை. 30 சதவீத வரம்பில் இருப்பவர், டிவிடெண்ட் அதிகம் தரும் பங்கை வைத்திருந்தால் இந்த வித்தியாசத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

10. எப்போது போடுவது, தோற்றிருந்தால் என்ன செய்வது

வருடம் ஒருமுறை போதும். மே 30க்குப் பிறகு, எல்லா ஆண்டு முடிவுகளும் வந்ததும் உட்காருங்கள். அடிக்கடி பார்த்தால் காலாண்டுச் சத்தத்துக்குத்தான் விற்பீர்கள். மூன்று வருடம் ஆகாத பங்கைக் கணக்கில் போடுங்கள், தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்து, அளவு ஒத்த குறியீட்டிடமும் சக கம்பெனிகளிடமும் தொடர்ந்து தோற்றுவரும் பங்கை வைத்திருக்கக் காரணம் தேவை. காரணம் எழுத முடியாவிட்டால் நான் விற்றுவிட்டுக் குறியீட்டுக்கு மாறுவேன். குறியீட்டிடம் தோற்று, சக கம்பெனிகளை முந்தியிருந்தால் அவசரப்பட மாட்டேன், துறையின் சுற்று திரும்பலாம்.

விற்கும்போது வரியைப் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதமோ அதற்குக் குறைவோ வைத்திருந்தால் 20 சதவீதம். லாபம் பெரியதாக இருந்தால் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்று இரண்டு நிதியாண்டின் வரம்பையும் பயன்படுத்தலாம். மார்ச் கடைசி நாட்களில் சந்தை விடுமுறை எது என்று முன்கூட்டியே பாருங்கள், கடைசி வர்த்தக நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நஷ்டத்தில் விற்றால் குறுகிய கால நஷ்டத்தை இருவகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான். கழித்தது போக மிச்சத்தை எட்டு வருடம் கொண்டுபோகலாம். அதற்கு வருமான வரித் தாக்கலைக் கெடு தேதிக்குள் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும்.